ஒரு மீனுக்குப் பெயர் கிடைக்க 160 ஆண்டுகள்

1852 ஆகஸ்ட் 6. அட்லாண்டிக் நடுக்கடலில் ஹெலன் என்ற பாய்மரக் கப்பலில் தீப்பிடித்தது. அதில் இங்கிலாந்து திரும்பிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் 29 வயது ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ். டார்வினைப் போலவே தனியாகச் சிந்தித்து, இயற்கைத் தேர்வு என்ற அதே முடிவுக்கு வந்தவர் என்று பிற்காலத்தில் புகழ்பெற்ற அதே வாலஸ்தான். நான்கு ஆண்டுகள் அமேசான் பகுதியில் காய்ச்சலோடு அலைந்தவர். அவரோடு கப்பலில் வந்த பூச்சிகள், பறவைகள் எல்லாம் கண்ணெதிரே எரிந்தன. புகை சூழ்ந்த அறைக்குள் இறங்கி அவரால் எடுத்துவர முடிந்தது ஒரு சிறிய தகரப்பெட்டி. அதற்குள் சில சட்டைகளோடு, மீன்களையும் பனைகளையும் பென்சிலால் வரைந்த தாள்கள் இருந்தன. அந்தப் பெட்டியோடு பத்து நாட்கள் திறந்த படகில் கடலில் மிதந்தார்.

அமேசானின் துணையாறான ரியோ நீக்ரோவின் மீன்கள் 200க்கும் மேற்பட்டவை அந்தத் தாள்களில் இருந்தன. ஒவ்வொன்றையும் கையில் வைத்துக்கொண்டு, செதிலையும் துடுப்பையும் பார்த்துப் பார்த்து வரைந்த படங்கள். அவற்றில் சில, அன்று உலகில் எந்த நூலிலும் இல்லாத மீன்கள். ஆனாலும் வாலஸ் அவற்றுக்குப் பெயர் சூட்டவில்லை. படங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தங்கிவிட்டன. 2002ஆம் ஆண்டு பிரேசிலின் மீனியல் அறிஞர் மோனிகா டி டொலேடோ-பீஸா அவற்றைத் தொகுத்து முழுமையாக வெளியிட்டார். அதன் பிறகு, 2015இல், அவற்றில் இருந்த சிக்லிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்த, நீண்ட உடல் கொண்ட ஒரு மீனை ஸ்வென் குல்லாண்டர், ஹென்ரிக் வரெல்லா என்ற இருவரும் முறைப்படி விவரித்து, கிரெனிசிக்லா மோனிகே என்று பெயரிட்டார்கள். வாலஸ் வரைந்து ஏறக்குறைய 160 ஆண்டுகள் கழித்து.

அவ்வளவு நல்ல படம் இருந்தும் ஏன் அவ்வளவு காலம்? இந்த ஒரு கேள்விக்கு விடை புரிந்துவிட்டால், புதிய மீன் இனத்தை அறிவிப்பது என்றால் என்ன என்பதே புரிந்துவிடும். அதனால்தான் கப்பலில் இருந்து தொடங்கினேன்.

புதியது என்றால் யாருக்குப் புதியது?

"அமேசானில் புதிய மீன் கண்டுபிடிப்பு" என்று செய்தித்தாளில் படித்ததும், வலையில் ஒரு விசித்திர மீன் விழுகிறது, ஆராய்ச்சியாளர் மகிழ்ச்சியில் கத்துகிறார் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆற்றங்கரையில் அப்படி ஒரு கணம் சில நேரம் இருக்கலாம். ஆனால் அந்தக் கணத்தில் யாருக்கும் அது புதிய இனம் என்று தெரியாது. தெரிய வழியே இல்லை. அந்த மீனுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அடுத்த பல மாதங்களோ பல ஆண்டுகளோ செலவாகும்.

மீனைப் பொறுத்தவரை அது புதியதே இல்லை. லட்சக்கணக்கான ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறது. அந்தக் கரையில் வாழும் மக்களுக்கும் புதியது இல்லை. இரண்டு மீட்டருக்கு மேல் வளரும் அமேசானின் பெரிய மீனைப் பிரேசிலில் பிராருக்கு என்று அழைக்கிறார்கள். துப்பி மொழியில் 'பிரா' என்றால் மீன். 'உருக்கு' என்பது செஞ்சாயம் தரும் ஒரு விதை. செதிலோரத்துச் சிவப்பைப் பார்த்து வைத்த பெயர். எந்த ஐரோப்பியரும் அந்த ஆற்றைப் பார்ப்பதற்கு முன்பே அது பெயருள்ள மீன். ஆகவே அறிவியலில் 'புதிய இனம்' என்று சொல்லும்போது அதற்கு மிகக் குறுகிய பொருள்தான்: உலகத்துக்குப் பொதுவான பதிவேட்டில் இதுவரை ஏறாதது.

பாடநூலில் சிற்றினம் என்று படித்திருப்போம். அதையே இங்கே சுருக்கமாக இனம் என்கிறேன். நெருங்கிய பல இனங்கள் சேர்ந்தது பேரினம். விலங்கின் அறிவியல் பெயரில் முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல் அந்த இனத்துக்கு உரியது.

தென் அமெரிக்க நன்னீரில் இன்று பெயர் பெற்றிருக்கும் மீன் இனங்கள் 5,000க்கும் மேல். அண்மைக் காலத்தில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 100 பெயர்கள் புதிதாகச் சேர்கின்றன. வேறு எந்தக் கண்டத்தின் நன்னீரிலும் இத்தனை இனங்கள் இல்லை. காரணம் அந்த நிலத்தின் அமைப்பு. ஆண்டிஸ் மலை உயர்ந்தபோது ஆறுகள் திசை மாறின, உடைந்தன, சேர்ந்தன. வடக்கிலும் தெற்கிலும் உள்ள பழம்பாறை மேட்டு நிலங்களில் இருந்து இறங்கும் ஆறுகளில் அருவிகளும் பாறைகளுக்கிடையே சீறிப் பாயும் நீரோட்டங்களும் மீன்களுக்கு மதிலாக நிற்கின்றன. மதிலுக்கு மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம். லட்சக்கணக்கான ஆண்டுகள் இரண்டும் கலக்காவிட்டால் இரண்டும் வெவ்வேறாகிவிடும். தண்ணீரே மூன்று வகை: சேறு கலந்த வெள்ளை நீர், தேநீர் போன்ற கறுப்பு நீர், தெளிந்த நீர். வெள்ளை நீரில் பழகிய மீனுக்குக் கறுப்பு நீர் பெரும்பாலும் ஒத்துவராது. ஆற்றில் மட்டும் மீன் இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். அமேசான் முகத்துவாரத்தில் உள்ள மராஜோ தீவில் கிணற்றுத் தண்ணீரில் வாழும் ரத்தச் சிவப்பான ஒரு சிறு கெளுத்தி 1905இல் பெயர் பெற்றது. வாளியில் ஏறி வந்த மீன் அது.

வலையில் இருந்து ஜாடிக்கு

காட்டோடையில் பிடித்த மீன் முதலில் கேமராவுக்கு முன் போகிறது. உயிரோடு இருக்கும்போது உள்ள நிறம் சில நிமிடங்களில் மாறத் தொடங்கும். கடைசியில் மீன் போய்ச் சேரும் இடம் ஆல்கஹால். அங்கே சிவப்பும் மஞ்சளும் கரைந்து மறைந்துவிடும். கருநிறம் மட்டும் தங்கும். அதனால்தான் பழைய விளக்கங்களில் கரும்புள்ளி, கருங்கோடு பற்றி மிக நுணுக்கமாக எழுதியிருப்பார்கள். சிவப்பைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அந்த மீனை உயிரோடு பார்க்காமல், ஜாடியில் மட்டும் பார்த்து எழுதியவர்கள் அவர்களில் பலர்.

படம் எடுத்ததும், துடுப்பிலோ சதையிலோ ஒரு துணுக்கு வெட்டி, அடர்ந்த ஆல்கஹால் உள்ள சிறு குப்பியில் போடுகிறார்கள். அது மரபணுப் பரிசோதனைக்கு. இதை முதலிலேயே செய்துவிட வேண்டும். ஏனென்றால் மீனின் உடல் அடுத்து ஃபார்மலினில் போகும், அது மரபணுவைச் சிதைத்துவிடும். ஃபார்மலின் உடலை அழுகாமல் இறுக்கியதும் மீன் 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாறுகிறது. அங்கே நூறு ஆண்டுகளுக்கு மேலும் இருக்கும். ஜாடிக்கு உள்ளேயே ஒரு சீட்டு. எந்த ஆறு, எந்த இடம், எந்த நாள், பிடித்தவர் யார். பென்சிலாலோ அழியாத மையாலோ எழுத வேண்டும். சாதாரணப் பேனா மை ஆல்கஹாலில் ஓடிவிடும். சீட்டு தொலைந்த மீன் ஊர் பெயர் தெரியாத மீன். அறிவியலுக்கு அதனால் பெரிதாகப் பயனில்லை.

இனி மேசை வேலை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

விரல் நீள மீன் ஒன்று நுண்ணோக்கியின் கீழ் இடப்பக்கம் மேலாகக் கிடக்கிறது. உலகம் முழுவதும் எண்ணுவது இடப்பக்கத்தைத்தான். எல்லோரும் ஒரே பக்கத்தை எண்ணினால்தான் பிறகு ஒப்பிட முடியும். மூக்கு நுனியில் இருந்து வால் துடுப்பு தொடங்கும் இடம் வரை நீளம் அளக்கிறார்கள். வாலைச் சேர்ப்பதில்லை, வால் நுனி பல நேரம் ஒடிந்திருக்கும். கண்ணின் குறுக்களவு, தலையின் நீளம், உடலின் உயரம் என்று இருபது முப்பது அளவுகள், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை. பிறகு எண்ணிக்கை. முதுகுத் துடுப்பில் எத்தனை கதிர்கள்? வயிற்றுக்குப் பின்னால் உள்ள துடுப்பில் எத்தனை? செவுளில் இருந்து வால் வரை ஓடும் பக்கக் கோட்டில் எத்தனை செதில்களில் துளை இருக்கிறது? அந்தக் கோடு வால் வரை போகிறதா, நடுவிலேயே நின்றுவிடுகிறதா? ஊசி முனையால் ஒவ்வொரு செதிலாக நகர்த்திக்கொண்டே எண்ண வேண்டும். 30 மீன்கள் இருந்தால் 30 முறை.

எலும்பைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. முதல்முறை அதன் படத்தைப் பார்த்தபோது என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. மீனின் தோலையும் குடலையும் நீக்கிவிட்டு, ஒரு நீலச் சாயத்தில் ஊறவைக்கிறார்கள். பிறகு ஒரு நொதி, சதையை மெல்ல மெல்லக் கரைத்துக் கண்ணாடிபோல ஆக்குகிறது. பிறகு ஒரு சிவப்புச் சாயம். கடைசியில் கிளிசரினில் மூழ்கவைக்கிறார்கள். உடல் மறைந்துவிடுகிறது; எலும்பெல்லாம் செக்கச்சிவப்பு, குருத்தெலும்பெல்லாம் நீலம். ஒரு முள் இடம் மாறாமல் முழு எலும்புக்கூடு அந்தரத்தில் நிற்கிறது. தாடையில் உள்ள ஒவ்வொரு பல்லின் முனையையும் எண்ணலாம். அரிதான மீனைக் கெடுக்க மனமில்லாவிட்டால் இப்போது சிடி ஸ்கேன் கருவியும் உதவுகிறது.

வாலஸின் படங்களுக்கு இருந்த குறை இங்கே தெரிகிறது. அவர் எண்ணியதை நாம் படத்தில் பார்க்கலாம். அவர் எண்ணாமல் விட்டதை எண்ண முடியாது. படத்தின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்க முடியாது.

எதிலிருந்து வேறு?

அளந்தாயிற்று. ஆனால் 'இந்த மீன் எப்படி இருக்கிறது' என்ற கேள்விக்கு மட்டும்தான் விடை கிடைத்திருக்கிறது. 'இது மற்ற எல்லாவற்றிலிருந்தும் எப்படி வேறுபடுகிறது' என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கு, அந்தப் பேரினத்தில் இதுவரை பெயர் பெற்ற எல்லா இனங்களையும் ஒவ்வொன்றாக எதிரில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பேரினத்தில் நூறு இனங்கள் இருந்தால் நூறும். அவற்றின் மாதிரிகள் பிரேசிலின் சாவோ பாலோவில் இருக்கலாம், அமேசான் காட்டு நகரான மனாஸில் இருக்கலாம், லண்டனிலும் வாஷிங்டனிலும் இருக்கலாம்.

இந்த ஒப்பீட்டின் சாரத்தை ஆய்வுக் கட்டுரையில் ஒரு பத்தியில் எழுதுவார்கள். அதை வேறுபாட்டுக் குறிப்பு என்று சொல்லலாம். ஓர் இன விளக்கக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் அதைப் படியுங்கள்.

நாம் பார்த்திருக்கும் மீன்களை வைத்தே அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் நியான் டெட்ராவும் கார்டினல் டெட்ராவும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் மின்னும். இரண்டும் அமேசான் பகுதியைச் சேர்ந்தவை, இரண்டுக்கும் பக்கவாட்டில் ஒளிரும் நீலக் கோடு, கீழே சிவப்பு. நியானுக்குச் சிவப்பு வயிற்றின் பின்பாதியில் தொடங்கி வால் வரை போகிறது. கார்டினலுக்குத் தலைக்குப் பின்னாலேயே தொடங்கிவிடுகிறது. 'சிவப்புப் பட்டை உடலின் முழு நீளத்துக்கும் இருப்பதால் இது அதனிலிருந்து வேறுபடுகிறது' என்று எழுதினால் அது ஒரு வேறுபாட்டுக் குறிப்பு. உண்மையில் நிறம் மட்டும் போதாது. செதில், பல், துடுப்பு என்று பல அடையாளங்கள் ஒன்றாகச் சேர்ந்து சாட்சி சொல்ல வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு பயிற்சியும் சொல்கிறேன். 'டேங்க் கிளீனர்' என்று நம் கடைகளில் விற்கும் கவசக் கெளுத்தியும் தென் அமெரிக்க மீன்தான். ஏரியில் கொண்டுபோய் விட்டவர்களால் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் பெருகிவிட்டது. அதன் அடிவயிற்றைப் பாருங்கள். தனித்தனிப் புள்ளிகள் என்றால் ஓர் இனம். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து புழு நெளிந்ததுபோல் கோடுகளாக ஓடினால் இன்னோர் இனம். பல மீன்களைப் பார்த்துக்கொண்டே போனால், பாதி புள்ளி பாதி கோடாக ஒன்று கையில் வரும். அப்போது தெரியும், இந்த வேலை ஏன் கடினம் என்று.

ஏமாறும் இடங்கள் நிறைய. ஒரே இனத்தில் குஞ்சும் வளர்ந்ததும் வேறு வேறாக இருக்கும். ஆணும் பெண்ணும் அடையாளம் தெரியாத அளவுக்கு வேறுபடும். அமேசானின் கத்தி மீன்களில் ஒன்றுக்கு நீண்ட, வாத்து அலகு போன்ற மூக்கு. அப்டெரோனோட்டஸ் அனாஸ் என்று 1942இல் அதைத் தனி இனமாக விவரித்தார்கள். அனாஸ் என்றால் லத்தீனில் வாத்து. அறுபது ஆண்டுகள் கழித்து, 2002இல், கிறிஸ்டினா காக்ஸ் ஃபெர்னாண்டஸ் தலைமையிலான ஆய்வு ஓர் உண்மையை வெளியிட்டது: அந்த வாத்து மூக்கு, ஏற்கெனவே பெயர் பெற்ற வேறொரு கத்தி மீனின் ஆண். முதிரும்போது அதன் முகம் அப்படி நீள்கிறது. ஒரு மீனை வைத்து இனத்தை முடிவு செய்யாமல், சின்னதும் பெரியதும் ஆணும் பெண்ணுமாகப் பல மீன்களைச் சேர்க்கச் சொல்வது இதனால்தான்.

பெயரைத் தாங்கும் மீன்

வேறுபாடு உறுதியானால், சேர்த்த மீன்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு ஹோலோடைப் என்று பெயர். தமிழில் பெயர்தாங்கி மாதிரி என்று சொல்லலாம் என்பது என் விருப்பம். அறிவியல் பெயர் சட்டப்படி ஒட்டப்படுவது அந்த ஒரே ஒரு மீனோடு. விலங்குகளின் பெயர்களுக்கென்று ஒரு பன்னாட்டு விதித்தொகுப்பு இருக்கிறது. 1999க்குப் பிறகு வெளியாகும் எந்தப் புதிய இனத்துக்கும் பெயர்தாங்கியை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்கிறது அது. எந்த அருங்காட்சியகத்தில், எந்த எண்ணில் அது இருக்கிறது என்றும் கட்டுரையில் எழுதுகிறார்கள். நாளைக்கு யாருக்குச் சந்தேகம் வந்தாலும், அந்த ஜாடியைத் திறந்து அந்த மீனையே எடுத்துப் பார்க்கலாம். 'நான் சொல்கிறேன், நம்புங்கள்' என்பதற்கு இங்கே இடமில்லை. எனக்கு இந்த ஏற்பாட்டின் மீது பெரிய மதிப்பு இருக்கிறது.

அந்த மீன் அழிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பிராருக்குவின் வரலாறு காட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டில் அந்த மீனுக்கு நான்கு இனப் பெயர்கள் சூட்டியிருந்தார்கள். 1868இல் ஆல்பர்ட் குந்தர் என்ற மீனியலாளர், எல்லாம் ஒரே இனம்தான் என்று கருதினார். அதன் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 145 ஆண்டுகள் பாடநூல்களில் அது ஒரே மீன். அமெரிக்க மீனியலாளர் டொனால்ட் ஸ்டூவர்ட் பழைய பெயர்கள் ஒவ்வொன்றின் மூலத்தையும் தேடிப் போனார். அவற்றில் ஒன்றின் மூல எலும்புகள் ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருந்தன; இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்துபோயின. 1829இல் வெளியான அந்த எலும்புகளின் படங்கள் மட்டும் எஞ்சின. அந்தப் படங்களில் இருந்த நுணுக்கத்தைக் கொண்டே அது தனி இனம் என்று 2013இல் ஸ்டூவர்ட் மறுபடி நிறுவினார். அதே ஆண்டில், மனாஸ் அருங்காட்சியக மாதிரி ஒன்றை வைத்து அரபைமா லெப்டோசோமா என்று முற்றிலும் புதிய இனத்தையும் அறிவித்தார். அரபைமா என்பது பிராருக்குவின் பேரினப் பெயர், லெப்டோசோமா என்றால் ஒல்லி உடல். ஆளைவிட நீளமான மீன், சந்தையில் எடைபோட்டு விற்கும் மீன். அதிலேயே ஓர் இனம் 2013 வரை பெயரில்லாமல் இருந்திருக்கிறது.

2018 செப்டம்பர் 2 இரவு ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது, மீன் ஆய்வாளர்கள் எதை நினைத்துப் பதறியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. முதுகெலும்பு உயிரினங்களின் சேகரிப்பு வேறு கட்டடத்தில் இருந்ததால் மீன்கள் தப்பின. பூச்சிகளின் சேகரிப்புக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை.

மின் விலாங்கு ஒன்றல்ல, மூன்று

எலும்பும் செதிலும் சொல்வதோடு இப்போது மரபணுவும் சேர்ந்திருக்கிறது. பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணுவின் 650 எழுத்துகள் அளவிலான ஒரு துண்டைப் படித்து ஒப்பிடுகிறார்கள். கடைப் பொருளின் பார்கோடு போல என்று சொல்வது வழக்கம். ஆனால் அந்த ஒப்புமையை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. அண்மையில் பிரிந்த இரண்டு இனங்களுக்கு ஒரே பார்கோடு இருக்கலாம். தொலைவில் வாழும் ஒரே இனத்தின் இரண்டு கூட்டங்களுக்கு வேறு பார்கோடு இருக்கலாம். மரபணு ஒரு சாட்சி. தீர்ப்பை அது தனியாக எழுத முடியாது.

பல சாட்சிகள் ஒன்றாக நின்றால் எப்படி இருக்கும் என்பதற்கு மின் விலாங்கைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பெயரில் விலாங்கு, உறவில் அது மேலே சொன்ன கத்தி மீன்களின் கூட்டம். 1766இல் ஸ்வீடனின் இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயரிட்டார். அதன் பிறகு 250 ஆண்டுகளுக்கும் மேலாக, அமேசான் பகுதி முழுவதும் இருப்பது ஒரே இனம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். ஆளை மயக்கமடையச் செய்யும் மீனைக் கையில் வைத்துத் துடுப்புக் கதிர் எண்ணவும் யாரும் அவசரப்படவில்லை.

பிரேசிலைச் சேர்ந்த டேவிட் டி சந்தானா, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்தோடு இணைந்து, பல நாடுகளில் இருந்து 107 மின் விலாங்குகளைச் சேர்த்தார். மரபணு மூன்று கூட்டங்களைக் காட்டியது. அதோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு சந்தேகம் மட்டுமே. பிறகு மண்டையோடுகளை ஒப்பிட்டார்கள். தாழ்நில ஆறுகளில் வாழும் கூட்டத்துக்குத் தலை உயரமாகவும், மேட்டு நில ஆறுகளின் இரண்டு கூட்டங்களுக்குத் தலை தட்டையாகவும் இருந்தது. வாழிடத்தைப் பார்த்தார்கள், ஒன்று வடக்கே கயானா மேட்டு நிலம், ஒன்று தெற்கே பிரேசில் மேட்டு நிலம், ஒன்று இடையில் உள்ள தாழ்நிலம். மின்னழுத்தத்தையும் அளந்தார்கள், தெற்குக் கூட்டத்தின் ஒரு மீனில் 860 வோல்ட் பதிவானது. அதுவரை அறிந்த உச்சம் 650. மேட்டு நிலத் தெளிநீரில் உப்பு குறைவு, மின்சாரம் எளிதில் பாயாது. அழுத்தம் கூடியது அதனால் இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

2019இல் மூன்று பெயர்கள் பதிவேட்டில் ஏறின. பழைய எலக்ட்ரோஃபோரஸ் எலக்ட்ரிகஸ் வடக்கு இனத்துக்கே நின்றது. ஏன் வடக்குக்கு? லின்னேயஸின் மீன் சூரினாமில் இருந்து வந்தது, அதனால் பழைய பெயர் அந்தக் கூட்டத்துக்குத்தான் சொந்தம். தெற்கு இனம் எலக்ட்ரோஃபோரஸ் வோல்டாய். மின்கலத்தை உருவாக்கிய அலெசாந்த்ரோ வோல்டாவின் நினைவாக. தாழ்நில இனம் எலக்ட்ரோஃபோரஸ் வாரீ. தென் அமெரிக்க மீன்களுக்கே வாழ்நாளைக் கொடுத்து 2016இல் மறைந்த ஸ்மித்சோனியன் மீனியலாளர் ரிச்சர்ட் வாரியின் நினைவாக.

ஒரு நாள் வித்தியாசம்

பெயர் வைப்பதில் இலக்கணம் உண்டு. ஆணின் பெயரால் வைத்தால் இரண்டாம் சொல்லின் முடிவில் 'இ' வரும், பெண்ணின் பெயரால் என்றால் 'ஏ'. மோனிகே என்று வந்தது அப்படித்தான். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதில்லை, அது மரபு. இரண்டு பேர் ஒரே மீனுக்கு வெவ்வேறு பெயர் வைத்தால் முதலில் அச்சில் வந்தது நிற்கும். அது விதி.

அந்த விதி எவ்வளவு கறாரானது என்பதற்குக் கார்டினல் டெட்ராவே சாட்சி. 1950களில் அந்தச் சிவப்பு மீன் வண்ண மீன் வணிகத்தில் நுழைந்தபோது அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அதை விவரிக்கத் தொடங்கின. ஸ்மித்சோனியனின் லியோனார்ட் ஷுல்ட்ஸ், வண்ண மீன் இதழ் ஒன்றின் பதிப்பாளரான ஹெர்பர்ட் ஆக்சல்ராடின் பெயரால் 'ஆக்சல்ராடி' என்று பெயர் சூட்டி 1956 பிப்ரவரி 20 அன்று வெளியிட்டார். ஸ்டான்ஃபோர்டின் ஜார்ஜ் மையர்ஸும் ஸ்டான்லி வைட்ஸ்மனும் 'கார்டினாலிஸ்' என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். தேதி பிப்ரவரி 21. ஒரு நாள். வழக்கு விலங்குப் பெயர்களுக்கான பன்னாட்டு ஆணையத்துக்குப் போனது. 1957இல் ஆக்சல்ராடியே நின்றது. தோற்ற பெயரும் சாகவில்லை, கடைகளில் இன்றும் அது கார்டினல்தான். அந்த மீனை லட்சக்கணக்கில் பிடித்து அனுப்பும் ரியோ நீக்ரோ கரையோர ஊரான பார்செலோஸில், ஊரே கார்டினல் அணி, டிஸ்கஸ் அணி என்று இரண்டாகப் பிரிந்து ஆண்டுதோறும் மீன் திருவிழா கொண்டாடுகிறது.

எண் மட்டும் உள்ள மீன்கள்

வணிகம் அறிவியலுக்குக் காத்திருப்பதில்லை. 1980களில் பிரேசிலில் இருந்து விதவிதமான கவசக் கெளுத்திகள் ஐரோப்பாவுக்கு வந்து குவிந்தன. எதற்கும் பெயர் இல்லை. 1988இல் ஒரு ஜெர்மன் வண்ண மீன் இதழ், ஒவ்வொன்றுக்கும் படம் போட்டு, எல்-001 என்று தொடங்கி எண் கொடுத்தது. இன்று அந்த வரிசை 500ஐத் தாண்டிவிட்டது. எல்-046 என்பது வரிக்குதிரைபோல் கறுப்பும் வெள்ளையுமான ஒரு சிறு மீன். 1991இல் ஹைபன்சிஸ்ட்ரஸ் ஜீப்ரா என்ற பெயர் பெற்றது. அமேசானின் துணையாறான சிங்குவின் 'பெரிய வளைவு' என்ற பகுதியில், பாறை இடுக்குகளில் மட்டும் வாழ்கிறது. அதன் அழகே அதற்கு ஆபத்தாகிவிட்டது. பிரேசில் ஏற்றுமதியைத் தடை செய்தது, கடத்தல் தொடர்ந்தது. 2016இல் பெலோ மோன்டே அணை இயங்கத் தொடங்கியபின், அந்த வளைவுக்குப் போக வேண்டிய நீரில் பெரும்பகுதி வேறு வழியில் திருப்பிவிடப்படுகிறது.

அதே பாறைகளில் அதன் உறவு மீன்கள் பல எண்களோடு மட்டும் இருந்தன. வரிகள் ஒவ்வொரு மீனிலும் ஒவ்வொரு விதமாக இருந்ததால், ஒரே இனத்தின் பல முகங்களுக்குக் கடைக்காரர்கள் பல எண்கள் கொடுத்திருந்தார்கள். 2025இல்தான் ஆய்வாளர்கள் அந்த எண்களை ஒன்றுசேர்த்து இரண்டு இனங்களாக விவரித்தார்கள். ஒன்றுக்கு அந்த ஆற்றங்கரையின் பழங்குடியான யுஜா மக்களின் பெயர்: ஹைபன்சிஸ்ட்ரஸ் யுஜா. பெயர் இல்லாதவரை அந்த மீனை அழிவாய்ப்புப் பட்டியலில் சேர்ப்பது மிகக் கடினம். சட்டத்தில் எண்ணை எழுதிப் பாதுகாக்க முடியாது. அணைக்கு அனுமதி கேட்கும் அறிக்கையில் 'இங்கே மட்டும் வாழும் இனம்' என்று சுட்டிக்காட்டவும் ஒரு பெயர் தேவை.

ஓர் உயிரினம் முதல்முறை சேகரிக்கப்படுவதற்கும் அதற்குப் பெயர் கிடைப்பதற்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் ஆகின்றன என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த 21 ஆண்டுகளும் மீன் அலமாரியில்தான் இருக்கிறது. மனாஸிலோ சாவோ பாலோவிலோ சேகரிப்பு அறைக்குள் போனால், ஜாடிச் சீட்டுகளில் பேரினப் பெயருக்குப் பிறகு 'எஸ்.பி.' என்ற இரண்டு எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். இனம் இன்னும் தெரியவில்லை என்று பொருள். ஆற்றின் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, பிடித்தவரின் கையெழுத்து இருக்கிறது. மீன் உள்ளே நிறம் இழந்து, செதில் ஒன்றும் குறையாமல், யாராவது இடப்பக்கத்தை மேலாக வைத்து எண்ணத் தொடங்குவதற்காக இருக்கிறது.